எட்டு நாள் கிழமை

பரிமளத்துக்குப் பதினாறு என்ற எண்ணோடு எந்தப் பகையும் இருந்ததில்லை, அந்த ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் வரைக்கும்.

1969ஆம் ஆண்டு பங்குனி மாதம். புளியங்கூடலில் தகப்பன் வீட்டு விறாந்தையில் மேசையை இழுத்துப் போட்டுக்கொண்டு, ஒரு விண்ணப்பத்துக்கு ஒரு பக்கச் சுருக்கம் எழுதிக்கொண்டிருந்தாள். பல்கலைக்கழகமொன்றில் கணித விரிவுரையாளர் வேலை ஒன்று காலியாக இருந்தது. சீமையில் ஐந்து வருடம் படித்துக் கலாநிதிப் பட்டத்தோடு மாசியில் வந்து இறங்கியவளுக்கு அந்த வேலை கிடைக்காவிட்டால், ஏதாவது பள்ளிக்கூடத்தில் வாய்பாடு சொல்லிக் கொடுக்க வேண்டியதுதான். விண்ணப்பத்தோடு அனுப்ப வேண்டிய கட்டுரைப் பட்டியலில் நாலு வரி இருந்தது. முதல் மூன்றும் சுமார் ரகம், அது அவளுக்கே தெரியும். நாலாவதை நம்பித்தான் விண்ணப்பமே. அதற்குப் பக்கத்தில் ‘அச்சில்’ என்று எழுதி, அந்தச் சொல்லின் கீழ் ஒரு கோடும் இழுத்திருந்தாள்.

நாலாவது கட்டுரை என்ன சொல்கிறது என்று கேட்டால் அவள் இப்படித்தான் சொல்லுவாள். தூரத்துக்கு ஒரு செய்தி அனுப்பும்போது வழியில் ஒன்றிரண்டு எழுத்துப் பழுதாகிவிடும். பழுதை வாங்குகிறவனே கண்டுபிடித்துத் திருத்திக்கொள்ளும்படி சில எழுத்துக்களை மேலதிகமாகச் சேர்த்து அனுப்பலாம். எதைச் சேர்ப்பது, எத்தனை சேர்ப்பது என்ற கணக்குக்கு முடிவுள்ள புலங்கள் வேண்டும். அவை எண்ணி முடிக்கக்கூடிய அளவு எண்கள் மட்டுமே குடியிருக்கும் சின்ன உலகங்கள். அங்கே எதை எதோடு கூட்டினாலும் பெருக்கினாலும் விடை அந்த உலகத்துக்கு வெளியே போகாது.

வந்த புதிதில் தகப்பன் ஆழ்வாப்பிள்ளை, “நீ அங்கை என்னதான் படிச்சனீ பிள்ளை?” என்று கேட்டார். முப்பது வருடம் தெற்கே காலிப் பட்டினத்தில் கடை வைத்திருந்த மனிதர். மனைவி போன பிறகு கடையை விட்டுவிட்டு ஊரோடு வந்து, தானே சமைத்துத் தானே சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“கிழமை மாதிரித்தான் ஐயா. ஏழு நாள்தானே இருக்கு. புதன்கிழமையிலை இருந்து ஆறு நாள் தள்ளிப் போனால் புதுசாய் ஒரு நாள் வராது. திரும்பச் செவ்வாய்தான் வரும்.”

“நீ போகேக்கை அப்பிடித்தான் இருந்தது. இப்ப இஞ்சை கிழமைக்கு எட்டு நாளும் வருது.”

அவர் சொன்னது பகிடியில்லை. நாட்டில் ஞாயிறு விடுமுறையை அரசாங்கம் நிறுத்தி மூன்று வருடமாகிறது. பௌத்தர்களின் புனித நாளான போயாவும் அதற்கு முந்தின அரைநாளும்தான் இப்போது ஓய்வு. அமாவாசை, வளர்பிறைப் பாதி, முழுநிலவு, தேய்பிறைப் பாதி என்று நிலவு எந்த நாளில் வந்து நிற்கிறதோ அந்த நாளில் கந்தோரும் பள்ளிக்கூடமும் பூட்டும். நிலவு என்ன ஏழாம் வாய்பாடு படித்துவிட்டா சுற்றுகிறது? ஒரு போயாவுக்கும் அடுத்த போயாவுக்கும் இடையில் சிலவேளை ஏழு நாள், சிலவேளை எட்டு. ஆழ்வாப்பிள்ளை வீட்டுச் சுவரில் இதற்கென்றே ஒரு கலண்டர் தொங்கியது, போயா நாட்கள் சிவப்பில். பரிமளம் அன்றைக்குச் சிரித்தாள். பிறகு கடிதம் போடப் போகும்போதெல்லாம் அந்தக் கலண்டரைப் பார்த்துவிட்டுத்தான் வெளியே இறங்கினாள்.

அந்த ஞாயிறுக்கு வருவோம். தெரிவுக் குழுவுக்கு விளங்கும்படி சுருக்கத்தில் ஒரு சின்ன உதாரணம் போடவேண்டும் என்று கேட்டிருந்தார்கள். எட்டு எண்கள் உள்ள உலகம் மிகச் சின்னது, பார்த்தால் விளையாட்டுக் கணக்குப் போல் இருக்கும். முப்பத்திரண்டு எழுதப்போனால் பக்கம் கொள்ளாது. ஆகவே பதினாறை எடுத்தாள். பூச்சியத்தைத் தள்ளினால் மிச்சம் பதினைந்து. ஒவ்வொன்றையும் மூன்று தரம் தன்னோடு தானே பெருக்க, பதினைந்து வெவ்வேறு விடை வரவேண்டும். அவளுடைய தேற்றம் அந்தப் பதினைந்தின் மேல்தான் கால் ஊன்றி நின்றது.

ஐந்தாவது வரைக்கும் ஒரு குறையும் இல்லை. ஆறாவதின் விடை முதலாவதின் விடையாகவே வந்தது.

‘எங்கேயோ கை தவறிவிட்டது’ என்று புதுத் தாள் எடுத்தாள். மறுபடியும் அதேதான். மூன்றாம் தரம் வேறு வழியால் போனாள். பதினைந்து பேரும் போய் ஐந்தே ஐந்து கதிரையில், கதிரைக்கு மூன்று பேராக ஏறி இருந்துவிட்டார்கள்.

கட்டுரைப் பிரதியைப் பெட்டியிலிருந்து எடுத்துப் புரட்டினாள். பிழை எங்கே என்று கண்டுபிடிக்கக் கால் மணித்தியாலம்கூட ஆகவில்லை. எட்டு, முப்பத்திரண்டு, நூற்றிருபத்தெட்டு ஆகிய மூன்றையும் அவள் கையால் செய்து பார்த்திருந்தாள். மூன்றும் இரண்டை ஒற்றைப்படை எண்ணிக்கையில் பெருக்கி வந்தவை, பதினாறோ இரட்டைப்படையில் வந்தது. மூன்றாம் பகுதியில் ‘ஒற்றையாக இருந்தால்’ என்று நிபந்தனையும் எழுதியிருந்தாள். ஐந்தாம் பகுதியில், பெரிய தேற்றத்தைச் சொல்லுமிடத்தில், அந்த நிபந்தனையை மறந்துவிட்டு ‘எல்லாவற்றுக்கும் பொருந்தும் என்பதை இலகுவில் காணலாம்’ என்று எழுதிவிட்டாள். இலகுவில் காணலாம்! பேராசிரியர் அவள் சொன்னால் சரியாக இருக்கும் என்று விட்டார். மதிப்பிட்டவர் பேராசிரியர் பார்த்திருப்பார் என்று விட்டார். ஒருவரும் காணவில்லை. கட்டுரையின் கடைசியில் இருந்த அட்டவணையில் நல்ல நல்ல முடிவுகள் எல்லாம் இரட்டைப் பக்கத்தில் இருந்தன. அந்தப் பக்கம் முழுக்கப் பொய்.

அச்சுப்படியை வாசித்து, பிழையில்லை என்று கையெழுத்திட்டுத் திருப்பி அனுப்பிப் பத்து நாளாகிறது. சீமையிலிருந்து சஞ்சிகை ஆசிரியர் போட்ட கடைசிக் கடிதத்தில் 27ஆம் திகதி வியாழக்கிழமை அச்சேறும் என்று இருந்தது. கடிதம் போட்டால் போய்ச் சேராது. தந்தி ஒன்றுதான் வழி. தந்தி கொடுக்க ஊர்காவற்றுறைக்குப் போகவேண்டும். மணி நாலரை, கந்தோர் பூட்டியிருக்கும்.

ஆழ்வாப்பிள்ளை தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, “என்ன பிள்ளை?” என்றார்.

“ஒரு அவசரத் தந்தி குடுக்கவேணும் ஐயா. ஆனால் புதன்கிழமைதான் ஏலும்.”

“ஏன் புதன்?”

“போன செவ்வாய் போயா. அப்ப வாற செவ்வாயும் போயா. நாளைக்கு அரைநாள். பத்தரை பஸ்ஸிலை போய் இறங்கி நடக்கப் பூட்டிப்போடுவினம்.”

அவர் சுவரை ஒருதரம் பார்த்தார். பிறகு மகளைப் பார்த்தார். “அப்பிடியோ. சரி,” என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய்விட்டார்.

திங்கட்கிழமை பரிமளத்துக்கு ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. விறாந்தையில் இருந்தாள், எழும்பினாள், கிணற்றடிக்குப் போனாள், போன காரியம் என்னவென்று மறந்து திரும்பி வந்தாள். தேற்றத்தைத் தூக்கி நிறுத்தலாமா என்று பார்த்தாள். மூன்று தரம் பெருக்குவதற்குப் பதில் ஏழு தரம் பெருக்கிப் பார்த்தாள். பதினாறில் அழகாக நின்றது. ‘அப்பாடா’ என்று அறுபத்துநாலுக்குப் போனால் அங்கே குப்புற விழுந்தது. தாளைக் கசக்கி எறிந்தாள், பிறகு போய்ப் பொறுக்கிக்கொண்டு வந்தாள்.

வேலிக்கு அப்பால் காலையில் வெள்ளைச் சட்டைப் பள்ளிப் பிள்ளைகள் போனார்கள். அரைநாள்தானே, போகட்டும் என்று நினைத்தாள். பத்தரை பஸ் போன சத்தமும் கேட்டது. பின்னேரம் மூன்றரைக்கு அதே பிள்ளைகள் சட்டையெல்லாம் புழுதியாகக் கத்திக்கொண்டு திரும்பி வந்தார்கள். அதையும் பார்த்தாள். பார்த்துவிட்டுக் குனிந்து தாளில் கிறுக்கத் தொடங்கினாள்.

செவ்வாய்க்கிழமை பிந்தி எழும்பி, ஒன்பது மணிக்குத்தான் வேலிப்பக்கம் பார்த்தாள். ஒரு பிள்ளையையும் ரோட்டில் காணவில்லை. தன் கணக்குச் சரி என்று அவளுக்கு ஒரு ஆறுதல். ஆனால் சும்மா இருக்கிற மூளைக்குள் சும்மா இருக்காத நினைப்புகள் வந்தன. புதன்கிழமை தந்தி கொடுத்து அது தாமதமாகிப் போனால்? கட்டுரை வெளிவந்துவிடும். அந்தச் சஞ்சிகையை வாசிக்கிறவர்கள் உலகத்தில் இருநூறு பேர் இருப்பார்களா? அதில் பதினாறைக் கையால் போட்டுப் பார்க்கிறவர் எத்தனை பேர்? ஒருவன் கண்டுபிடிக்க இரண்டு மூன்று வருடமாவது ஆகும். அதற்குள் வேலை நிரந்தரமாகிவிடும். பிறகு ஆறுதலாக ஒரு திருத்தம் எழுதிப் போடலாம். எத்தனை பெரிய மனிதர்கள் எழுதவில்லை? இப்படி நினைக்கத் தனக்கு வெட்கமாக இல்லையா என்றும் கேட்டாள். வெட்கமாகத்தான் இருந்தது. வேலையும் வேண்டும் போல்தான் இருந்தது. இரண்டும் சேர்ந்து அவளைத் தின்றன. மத்தியானம் தகப்பன் போட்ட சோற்றைப் பாதியில் விட்டு எழும்பினாள்.

புதன்கிழமை பத்தரை பஸ்ஸில் ஊர்காவற்றுறைக்குப் போய் இறங்கினாள். கொளுத்துகிற வெயில். தபாற்கந்தோர்க் கதவில் ஒரு பெரிய பூட்டுத் தொங்கியது.

பூட்டைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றாளோ தெரியாது. பின்பக்கத்தில் ஆள் அரவம் கேட்கச் சுற்றிக்கொண்டு போனாள். கந்தோரை ஒட்டிய வீட்டு முற்றத்தில் பாயை விரித்து ஒரு பெண் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது.

“அட, பரிமளமோ! நீர் எப்ப வந்தனீர்?”

ஜசிந்தா. கன்னியர் மடப் பள்ளிக்கூடத்தில் ஐந்து வருடம் ஒரே வாங்கில் பக்கத்தில் இருந்து படித்தவள். பரிமளம் கணக்கைச் செய்து முடித்துவிட்டுச் சன்னலால் வெளியே பார்த்துக்கொண்டிருப்பாள். ஜசிந்தா செய்த கணக்கையே திரும்பவும் செய்துகொண்டிருப்பாள். எப்போதும் அவளுக்கு இரண்டாம் இடம்தான், ஆனால் பிழை மட்டும் வராது. இப்போது அவள்தான் இங்கே தபாலதிபர்.

“ஒரு தந்தி அடிக்கவேணும் ஜசிந்தா. ஏன் கந்தோர் பூட்டிக் கிடக்கு?”

“இண்டைக்குப் போயா எல்லோ!”

“நேற்றெல்லோ போயா?”

“நேற்று அரைநாள். பன்னிரண்டு மணி மட்டும் திறந்துதான் கிடந்தது. முந்தநாள் முழுநாளும் திறந்திருந்தனாங்கள். பின்னேரம் சனமே இல்லை. நான் இலையான் கலைச்சுக்கொண்டு இருந்தனான்.” அவள் மிளகாயைக் கையால் பரவிவிட்டாள். “இந்தமுறை எட்டு நாள். உங்கடை வீட்டிலை கலண்டர் இல்லையோ?”

“இருக்கு,” என்றாள் பரிமளம்.

எண்களை வைத்தே ஐந்து வருடம் சீவித்தவள். எந்த உலகத்தில் எத்தனை எண் என்று கேட்காமல் ஒரு வரி எழுதக்கூடாது என்று மற்றவர்களுக்குப் பாடம் எடுத்தவள். இந்த ஊர்க் கிழமைக்கு எத்தனை நாள் என்று சுவரைத் திரும்பிப் பார்க்கவில்லை.

விஷயத்தைச் சுருக்கமாகச் சொன்னாள். ஜசிந்தாவுக்குத் தேற்றம் விளங்கவில்லை, அவசரம் விளங்கியது.

“இப்ப நான் திறந்தாலும் யாழ்ப்பாணத்திலை எடுக்க ஆளில்லை. நாளைக்கு எட்டு மணிக்குத் திறப்பன். எட்டுக்கே வந்தீரெண்டால், சீமையிலை விடிஞ்சு அவை கந்தோருக்கு வர முதல் போய்ச் சேர்ந்திடும்.” பிறகு அவளுடைய முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டாளோ என்னவோ, “சரிவராட்டிலும் ஏன் யோசிக்கிறீர்? போயா எண்டு கந்தோர் பூட்டினதுக்கு உம்மிலை ஆர் குற்றம் சொல்லேலும்? வேணுமெண்டால் நானே ஒரு துண்டு எழுதி முத்திரை குத்தித் தாறன்,” என்றாள்.

பரிமளம் வேண்டாம் என்று சொல்லவில்லை. வாங்கிக்கொள்ளவுமில்லை. “நாளைக்குப் பாப்பம்,” என்று சொல்லிவிட்டு வந்து பஸ்ஸுக்குக் காத்து நின்றாள்.

வரும் வழியெல்லாம் அவளுக்குக் கோபம். முதலில் அரசாங்கத்தின் மேல், பிறகு நிலவின் மேல். வழியோரப் பனைகள் எல்லாம் பின்னால் ஓடி முடியுமட்டும் அந்த இரண்டு பேரையும் திட்டித் தீர்த்தாள். வீட்டுப் படலையைத் திறக்கும்போது கோபம் தகப்பன் மேல் வந்து நின்றது. செருப்பைக் கழற்றாமல் குசினிக்குள் போனாள். ஆழ்வாப்பிள்ளை தேங்காய் திருவிக்கொண்டிருந்தார்.

“ஐயா, திங்கட்கிழமை கந்தோர் திறந்திருந்ததெண்டு உங்களுக்குத் தெரியுமோ?”

“தெரியும்.”

“தெரிஞ்சுகொண்டும் ஏன் சொல்லேல்லை? நான் டொக்டரெண்டு எல்லாரும் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தால் நான் என்ன செய்யிறது?”

அவர் கையிலிருந்த பாதியைத் திருவி முடித்தார். சிரட்டையை ஒரு பக்கம் வைத்தார்.

“நீ வந்த நாள் தொடக்கம் கலண்டரைப் பாக்காமல் ஒருநாளும் தபாலுக்குப் போனதில்லை. அண்டைக்கு மட்டும் பாக்கேல்லை. விரலை மடிச்சு எண்ணிப்போட்டுப் புதன் எண்டனீ. அப்ப உனக்குப் போக மனமில்லையாக்குமெண்டு பேசாமல் இருந்தனான்.”

“எனக்குப் போக மனமிருந்தது!”

“இருந்தால் நல்லது,” என்றார் அவர், தேங்காயின் மற்றப் பாதியை எடுத்துக்கொண்டு.

பரிமளம் வாசற்படியில் இருந்துவிட்டாள். மூன்றரைக்குத் திரும்பி வந்த பள்ளிப் பிள்ளைகளின் புழுதிச் சட்டைகள் அவளுக்கு ஞாபகம் வந்தன. அரைநாள் பள்ளிக்கூடம் மூன்றரைக்கு விடுமா? அதைப் பார்த்தபோதே அவளுக்குத் தெரியும். தெரியும் என்பதைத் தெரியாமல் வைத்திருக்கத்தான் அவ்வளவு அவசரமாகக் குனிந்தாள். பதினாறில் நடந்தது மறதி. திங்கட்கிழமை நடந்ததற்கு வேறு பெயர். அவளுக்கு அழுகை வந்தது. கொஞ்ச நேரம் அழுதாள். தகப்பன் திரும்பிப் பார்க்கவில்லை, அது அவளுக்கு உதவியாக இருந்தது.

பிறகு மூக்கைச் சிந்திக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். பதினாறு, அட்டவணை, கையெழுத்துப் போட்டு அனுப்பியது, பட்டியலின் நாலாவது வரி, கடைசியாக ஜசிந்தா எழுதித் தருகிறேன் என்ற துண்டு.

“நிப்பாட்டச் சொன்னால் அந்த வேலை?” என்று கேட்டார் ஆழ்வாப்பிள்ளை.

“மூண்டு கட்டுரையோடை போனால் கிடையாது. வேறை நல்ல ஆக்கள் கேப்பினம்.”

அவர் தலையை ஆட்டினார். மகளுக்கு அந்த வேலை கிடைக்குமென்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவர் அவர்தான். அந்த ஏமாற்றம் அவருடைய கையில் தெரிந்தது, திருவலை வீணாக இரண்டு தரம் துடைத்தார். “காலமை பஸ் ஆறே முக்காலுக்கு வரும்,” என்றார் கடைசியில். “நானும் வாறன். கருவாடு வாங்கவேணும்.”

வியாழக்கிழமை விடியப் பரிமளம் சேலை உடுத்திக்கொண்டு நேரே சுவரடிக்குப் போய் நின்றாள். 27 கறுப்பில் இருந்தது. அதற்கு முன்னால் 26 சிவப்பு. அதிலிருந்து பின்னோக்கி 18இன் சிவப்பு வரைக்கும் எண்ணினாள், விரலைக் கலண்டரிலேயே வைத்து. எட்டு.

எட்டு அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போதே இருவரும் கந்தோர் வாசலில் நின்றார்கள். ஜசிந்தா கதவைத் திறந்து, தந்திப் படிவத்தை எடுத்துக் கொடுத்தாள். ஆழ்வாப்பிள்ளை கருவாட்டுக்குப் போகாமல் வாங்கில் இருந்துகொண்டார்.

பரிமளம் நின்றபடியே எழுதினாள். முதலில் சஞ்சிகையின் விலாசம். பிறகு கட்டுரையை அச்சிட வேண்டாம், முக்கிய தேற்றம் பிழை, கடிதம் பின்னால் வருகிறது என்று ஆங்கிலத்தில். ‘ஒரு பகுதி பிழை’ என்று எழுதலாமா என்று கை ஒருகணம் நின்றது. பிறகு ‘பிழை’ என்று மட்டும் எழுதி, கையெழுத்துக்குப் பதில் பெயரையும் எழுதி நீட்டினாள்.

“மொத்தம் எத்தினை சொல்லு இருக்கு?” என்று கேட்டாள் ஜசிந்தா, பென்சிலை எடுத்தபடி.

“பதினெட்டு.”

“கணக்கிலை கலாநிதி சொன்னால் பிறகென்ன,” என்று சிரித்துக்கொண்டு ஜசிந்தா மேலே எண்ணைப் போடப் போனாள். பரிமளம் கையை நீட்டிப் படிவத்தின் மேல் வைத்தாள்.

“இல்லை ஜசிந்தா. நீர் எண்ணும். நான் சொன்னனானெண்டு விடாதையும்.”

ஜசிந்தா அவளை ஒருமாதிரிப் பார்த்தாள். பிறகு, பள்ளிக்கூடத்தில் செய்தது போலவே, பென்சில் முனையால் ஒவ்வொரு சொல்லையும் தொட்டுத் தொட்டு முணுமுணுத்து எண்ணினாள். முடித்துவிட்டு மேலிருந்து திரும்பவும் எண்ணினாள்.

“பத்தொன்பது.”

“பதினெட்டெல்லோ?”

“பத்தொன்பது. உம்மடை பேரை நீர் எண்ணேல்லை.”

பரிமளம் படிவத்தைத் திருப்பிப் பார்த்தாள். பிழை என்ற வரிக்குக் கீழே, கடைசியில், தனியாக அது இருந்தது.

“அதையும் சேர்த்து அனுப்பும்,” என்றாள்.